வாட்ஸ்அப் குரூப்பு, ரீல்ஸு, கூகுள் ரிவ்யூ: இதெல்லாம் நெட் கனெக்‌ஷன் தொழிலுக்கு நெசமாவே உதவுதா, இல்ல தலைவலி மட்டும்தானா?

கெடிலக்கரை பைபர் (கடலூர்)

வணக்கம் மக்களே. மஞ்சக்குப்பத்துலேர்ந்து எழுதுறேன். அப்பா காலத்துல கேபிள் டிவி, நான் தலையெடுத்த பிறகு பைபர் நெட், ஒரு கம்பெனிகிட்ட பிராஞ்சைஸ் எடுத்து மஞ்சக்குப்பம், செம்மண்டலம், திருப்பாதிரிப்புலியூர்ல கொஞ்சம்னு இப்ப 640 வீடு ஓடுது. லைன் பசங்க மூணு பேரு, ஆபீஸ்ல ஒரு தங்கச்சி, அப்புறம் நான். அவ்ளோதான் படை.

ரெண்டு வருஷம் முன்னாடி கஸ்டமருங்கள எல்லாம் சேத்து ஏரியாவுக்கு ஒண்ணுன்னு மூணு வாட்ஸ்அப் குரூப்பு ஆரம்பிச்சேன். போன் தொல்லை குறையும்னு நெனப்பு. குறைஞ்சது வாஸ்தவம், முன்னாடி ஒரு நாளைக்கு 35, 40 கால் வரும், இப்ப 15 தாண்டாது, ஆனா அதுக்கு வட்டியும் மொதலுமா ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் 200 மெசேஜ், அதுல நெட் சம்பந்தமா முப்பது தேறும், மீதி எல்லாம் குட்நைட், ரோஜாப்பூ, யாரோ வீட்டு மாடி போர்ஷன் வாடகைக்கு. முன்னாடி ஒரு வீட்ல நெட் போனா அந்த ஒரு வீட்டுக்காரருக்குத்தான் கோவம் வரும். இப்ப அவர் குரூப்புல போட்டதும் இன்னொருத்தர் "எனக்கும் ரெண்டு நாளா ஸ்லோ"ங்கறார், உடனே நல்லா ஓடிட்டு இருக்கறவரும் ஸ்பீட் டெஸ்ட் எடுத்துப் பாத்து எனக்கு 100 வரல 94தான் வருதுங்கறார்.

இது பத்தாதுன்னு கூகுள்ல மூணு ஒத்த ஸ்டார் ரிவ்யூ. ஒருத்தர் ஆறு மாசம் பணம் கட்டாம லைன் கட் பண்ணவர், அத விடுங்க. இன்னொருத்தருக்கு எங்க மேல என்னிக்குமே கோவம்தான். மூணாவது ஆளு யாருன்னே தெரியல. "மூணு நாளா ரெட் லைட், கேக்க நாதியில்ல, கேவலமான சர்வீஸ்"னு போட்டிருக்கார், பேரை பில்லிங் சாப்ட்வேர்ல தலைகீழா தேடிட்டேன், அப்படி ஒரு கஸ்டமரே எனக்கு இல்ல. (ரெட் லைட்னா வீட்டு நெட் பெட்டிக்கு சிக்னல் வரலன்னு அர்த்தம்.) போட்டிக்காரன் வேலையோன்னு ஒரு சந்தேகம்.

நடுவுல பாண்டியிலேர்ந்து டிஜிட்டல் மார்க்கெட்டிங் தம்பி ஒருத்தர் வந்தார். மாசம் 15,000, அதுக்கு 12 போஸ்டர், 4 ரீல்ஸ், பண்டிகை வாழ்த்து ப்ரீ. அட்சய திருதியைக்கு நான் வாழ்த்து சொன்னா எவன் வந்து நெட் போடப்போறான்? ஆனா மச்சான் என்ன சொல்றான்னா பெரிய கம்பெனியெல்லாம் சோஷியல் மீடியால கொட்டுதே, சும்மாவா கொட்டுவான்னு. எங்க லைன் பையன் ஒருத்தன் ஸ்ப்ளைசிங் மெஷின்ல ரெண்டு பைபரை ஒட்டறத கிட்டக்க வெச்சு ரீல் போட்டான், 41,000 வியூஸ் போச்சு. கமெண்ட் பூரா கோயமுத்தூர், மலேசியா, கத்தார். கடலூர்லேர்ந்து ஒரே ஒரு கமெண்ட், அதுவும் அவன் சித்தப்பா.

அதனால கேக்கறேன், இந்த வாட்ஸ்அப்பு பேஸ்புக்கு இன்ஸ்டால்லாம் டெலிகாம் தொழில்ல காசா மாறுதா? மாறுதுன்னா எந்த வழியா மாறுது? குரூப்பை மூடிடலாமா வேணாமா? அனுபவஸ்தங்க சொல்லுங்க.


லாஸ்பேட்டை அக்கா (புதுச்சேரி)

தம்பி, மச்சான் கேட்டதுக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா அந்தக் காசு கொட்டற எடத்துலதான் நாலு வருஷம் குப்பை கொட்டினேன். சென்னையில ஒரு மொபைல் கம்பெனி, பேர் வேணாம், அவங்களுக்கு ட்விட்டர் பேஸ்புக் புகார் பாக்கற டீம். ஷிப்ட்டு வேலை. ஸ்கிரீன்ல வரிசையா புகார் வந்து விழும், பக்கத்துல ஒரு கட்டம், அதுல எழுதினவருக்கு எத்தன பாலோயர்ஸ்னு இருக்கும். 15 நிமிஷத்துல மொத பதில் போயாகணும். "சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் நம்பரை டிஎம் செய்யவும்." இத ஒரு நாளைக்கு நூறு தடவ ஒட்டியிருப்பேன்.

இதுல வேடிக்க என்னன்னா, அதே பிரச்சனைய கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி சொன்னவருக்கு ரெண்டு நாள் ஆகும், ட்விட்டர்ல திட்டினவருக்கு நாலு மணி நேரத்துல ஆள் போகும். ஒரே டவர், ஒரே இன்ஜினியர், க்யூ மட்டும் வேற. அப்ப ஜனங்க என்ன கத்துக்குவாங்க? போன் பண்றது வேஸ்ட்டு, சந்தியில நின்னு கத்தினாத்தான் காரியம் நடக்கும்னு கத்துக்குவாங்க. கத்துக்கிட்டாங்க. மாசா மாசம் புகார் ஏறிக்கிட்டே போச்சு, எங்க ரிப்போர்ட்ல மட்டும் எல்லாம் பச்சை, ஏன்னா நாங்க அளந்தது எத்தன நிமிஷத்துல பதில் போட்டோம்ங்கறத. பிரச்சனை தீந்துச்சா, அதே வீட்லேர்ந்து மறுபடி புகார் வந்துச்சா, இதுக்கு கட்டமே கிடையாது.

அமெரிக்கால காம்காஸ்ட்டுன்னு பெரிய கேபிள் கம்பெனி. 2006-ல அவங்க டெக்னீஷியன் ஒருத்தர் கஸ்டமர் வீட்டுக்கு மோடம் மாத்தப் போயி அங்க சோபாவிலயே தூங்கிட்டார், வீட்டுக்காரர் வீடியோ எடுத்து யூட்யூப்ல போட்டுட்டார், ஊரே சிரிச்சுது. சிரிச்சவங்கள்ல பாதி பேருக்கு தெரியாத விஷயம், அந்த மனுஷன் தூங்கினது தன் சொந்த கம்பெனி ஆபீஸுக்கே போன் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல லைன்ல காத்துக்கிட்டு இருந்ததால. இதே கம்பெனிதான் 2008-ல ட்விட்டர்ல புகார் பாக்க தனியா அக்கவுண்ட் தொறந்து, ட்விட்டர்ல கஸ்டமர் கேர்னாலே இவங்கதான் முன்னோடின்னு பேர் வாங்கினாங்க. எங்களுக்கு டிரெய்னிங்ல ரெண்டாவது கதைய மட்டும்தான் சொன்னாங்க. என்னைக் கேட்டா மொத கதைதான் பாடம், வெளிய அசிங்கமா தெரியறது உள்ள ஒயரு அறுந்து கெடக்கறதுனால.

உங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, குரூப்புல வர்ற புகாருக்கு டாக்கெட் நம்பர் (புகார் எண்) போடறீங்களா? 2012-ல வந்த டிராய் (டெலிகாம் கம்பெனிங்கள கட்டுப்படுத்தற ஆணையம்) விதிப்படி புகார் குடுத்தா டாக்கெட் நம்பர் குடுக்கணும், பழுதுன்னா குறிச்ச கெடுவுக்குள்ள சரி பண்ணணும். போன்ல வந்தா உங்க கம்பெனி சிஸ்டம்ல ஏறும், குரூப்புல வந்தா எங்க ஏறுது? 40 கால் 15 ஆச்சுன்னு சந்தோஷப்படறீங்க, மீதி 25 குறைஞ்சுதா, இல்ல ரோஜாப்பூவுக்கு நடுவுல காணாம போச்சான்னு பாத்தீங்களா?

ரெண்டாவது, அந்த மூணாவது ரிவ்யூகாரரை பேரை வெச்சு தேடாதீங்க. தேதிய வெச்சுத் தேடுங்க.


முதுநகர் ரீசார்ஜ் (கடலூர் ஓடி)

அக்கா சொன்னது கரெக்ட்டு. நான் ஓடில (ஓல்டு டவுன்) இருபது வருஷமா செல் கடை வெச்சுகினு இருக்கேன், இந்த சோஷியல் மீடியா டெலிகாம்காரன இன்னா பண்ணுச்சுன்னு என் கல்லாப்பெட்டிய தொறந்து காட்டினாலே தெரியும்.

ஒரு காலத்துல எஸ்எம்எஸ் பேக்குதான் எனக்கு சோறு போட்டுச்சு. காலேஜ் பசங்க காலையில வரிசையா நிப்பாங்க. பொங்கல், தீபாவளி, நியூ இயர் அன்னிக்கு மட்டும் அந்த பேக்கு செல்லாது, பிளாக் அவுட் டேன்னு பேரு, மெசேஜுக்கு முழு காசு புடிப்பான், தெரியாம முந்நூறு பேருக்கு பொங்கல் வாழ்த்து தட்டிவுட்டுட்டு பேலன்ஸ் பூரா போச்சேன்னு என்கிட்ட வந்து சண்டை போடுவானுங்க, நான் இன்னா கம்பெனி ஓனரா? அப்புறம் வாட்ஸ்அப் வந்துச்சு. ரெண்டே வருஷம், எஸ்எம்எஸ் பேக் கேட்டு வர்றது நின்னு போச்சு. கம்பெனிக்கு நஷ்டம்னு நெனப்பீங்க, ஆனா அதே வாட்ஸ்அப்புக்காகத்தான் சாதா போன் வெச்சிருந்த மீன்கார அம்மாகூட டச் போன் வாங்கி நெட் பேக் போட்டுச்சு. 2016-க்கு முன்னாடி 1 ஜிபி 28 நாளைக்கு 250 ரூபா மாதிரி வித்துகினு இருந்தேன். செப்டம்பர் 5 ஜியோ வந்துச்சு, அதோட அந்த வெலையும் காலி. ஒரு கையில வாங்கி ஒரு கையில குடுத்த கதைதான் டெலிகாம்காரனுக்கு. எனக்கு ரெண்டு கையும் போச்சு, இப்ப அவனவன் போன்லயே ரீசார்ஜ் பண்ணிக்கறான், நான் டெம்பர் கிளாஸ் ஒட்டிகினு இருக்கேன்.

2024 ஜூலைல ரேட்டு ஏத்துனாங்களே ஞாபகம் இருக்கா, வாட்ஸ்அப்ல பார்வேர்டு பறந்துச்சு, எல்லாரும் பிஎஸ்என்எல்லுக்கு மாறுவோம்னு. அந்த மாசம் என் கடைல போர்ட் மெசேஜ் (நம்பர் மாறாம கம்பெனி மாத்தறதுக்கு) அனுப்பி குடுத்து விரலே தேஞ்சு போச்சு, 1900-க்கு அனுப்பு அனுப்புன்னு. ஒரு தெருவுல ஒருத்தன் மாறுனா அடுத்த வாரம் அந்த தெருவே வரும். அப்புறம் இன்னா ஆச்சு, நாலு மாசத்துல பாதி பேர் திரும்பி வந்து பழைய கம்பெனிக்கே போடுண்ணான். சத்தம் வேற, சரக்கு வேற.


நெய்வேலி பிளாக் 21

ஓடி அண்ணன் சொன்னதுக்கு நம்பர் என்கிட்ட இருக்கு, நான் எம்பிஏல கிட்டத்தட்ட இதே தலைப்புலதான் ப்ராஜெக்ட் பண்ணேன், என் கைடு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிச்சு இன்னும் காயம் ஆறல.

அந்த ஜூலைல டிராய் கணக்குப்படி பிஎஸ்என்எல்லுக்கு சுமார் 29 லட்சம் மொபைல் கஸ்டமர் கூடினாங்க, மத்த மூணு கம்பெனிக்கும் குறைஞ்சுது, செப்டம்பர் ஒரே மாசத்துல ஜியோவுக்கு 79 லட்சம் குறைவு. ஹேஷ்டேக் பாத்தவங்க, ஆஹா ஜனங்க பாடம் புகட்டிட்டாங்கன்னு எழுதினாங்க. இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. ஒரு கஸ்டமர்கிட்டேர்ந்து மாசம் சராசரியா வர்ற வருமானம், ஆர்பூன்னு சொல்வாங்க, ஜியோவுக்கு 2024 ஏப்ரல்-ஜூன்ல 181.7 ரூபா இருந்தது, அடுத்த மூணு மாசத்துல 195.1, அதுக்கடுத்து 203.3. ஏர்டெல்லுக்கு 211 இருந்தது 233 ஆகி 245 ஆச்சு. அதாவது ஆள் குறைஞ்சு காசு கூடிருக்கு. போனதுல நெறைய ரெண்டாவது சிம்மு, சும்மா டிராயர்ல கெடந்தது, ரேட் ஏறினதும் எதுக்கு ரெண்டுன்னு விட்டுட்டாங்க. நவம்பர்ல பிஎஸ்என்எல்லுக்கும் எண்ணிக்கை இறங்கிடுச்சு, ஜியோவுக்கு திரும்ப ஏறுச்சு. அதனால சோஷியல் மீடியா கூச்சலை மட்டும் பாத்து பிசினஸ் எப்படி போகுதுன்னு சொல்ல முடியாதுங்கறது என் ப்ராஜெக்ட்ல எனக்கு தெரிஞ்ச மொத விஷயம்.

ஆனா கூச்சலுக்கு பலனே இல்லன்னும் சொல்ல முடியாது. 2014 டிசம்பர்ல ஏர்டெல் இன்டர்நெட் காலுக்கு தனியா காசுன்னு அறிவிச்சு, ஆன்லைன்ல எழுந்த எதிர்ப்புல அந்த மாசமே பின்வாங்கினாங்க. 2015-ல நெட் நியூட்ராலிட்டிக்காக (எல்லா ஆப்பையும் வெப்சைட்டையும் ஒரே மாதிரி நடத்தணும்ங்கறது) டிராய்க்கு 10 லட்சத்துக்கு மேல மெயில் போச்சு, 2016 பிப்ரவரி 8-ம் தேதி ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு ரேட்டுன்னு விக்கக்கூடாதுன்னு விதியே வந்துடுச்சு. ஒரு பிசினஸ் மாடலே போச்சு அங்க. அந்தக் கூச்சல்ல எல்லாரும் கேட்டது ஒரே ஒரு விஷயம், அதுக்கு டிராய் முடிவு சொல்லியாகணும்ங்கற நிலைமை. ரேட் ஏறுதேங்கற பொலம்பலுக்கு அப்படி ஒரு வாசல் இல்ல.

ஓடி அண்ணன் போற போக்குல ஒண்ணு சொன்னார் பாருங்க, ஒருத்தன் மாறுனா தெருவே வரும்னு, அது பெரிய விஷயம். 2008-லயே ஐபிஎம்மோட இந்திய ஆராய்ச்சி கூடத்துல ஒரு மொபைல் கம்பெனியோட கால் ரெக்கார்டுகள வெச்சு யாரு யாரோட பேசறாங்கன்னு வலை மாதிரி போட்டுப் பாத்தாங்க. நாம வழக்கமா பேசறவங்க கம்பெனிய விட்டு போயிட்டா நாமும் போற வாய்ப்பு கூடுதுன்னு வந்துச்சு. பேஸ்புக்கு இந்தியால பரவறதுக்கு முன்னாடியே. அண்ணே, உங்க 640 வீட்லயும் இது உண்டு, ஒரு வீடு லைன எடுத்தா பக்கத்து நாலு வீட்டை போய் பாருங்க.

அப்புறம் இங்கிலாந்துல கிஃப்காஃப்னு ஒரு சிம் கம்பெனி, 2009-ல ஆரம்பிச்சாங்க. கால் சென்டரே கெடையாது. கஸ்டமர் கேள்விக்கு இன்னொரு கஸ்டமர் ஆன்லைன்ல பதில் சொல்வார், சொன்னவருக்கு பாயின்ட்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவ அத காசாவோ டாக்டைம்மாவோ வாங்கிக்கலாம், தர்மத்துக்கும் குடுத்துடலாம். செலவு எவ்ளோ மிச்சம்னு யோசிச்சு பாருங்க. உங்க குரூப்புலயும் ஸ்பீட் டெஸ்ட் போடறாரே 94 மெகா அவரையே வேலைக்கு வெச்சுக்கலாம்.


முதுநகர் ரீசார்ஜ்

தம்பி, அது சிம்மு, இது ஒயரு. சிம்முல ஏபிஎன்னு சொல்ற நெட் செட்டிங் மாத்த பக்கத்து வூட்டுக்காரன் சொல்லித் தருவான். கம்பத்துல ஒயர் அறுந்தா அவனா ஏறி கட்டுவான்?


வில்லியனூர் லைன்

நம்ம ஆளு. நானும் அதே தொழில்தான், 400 சொச்சம் வீடு. குரூப்புல நான் பட்டத சொல்றேன், யாருக்காவது ஆகும்.

மொத அடி. 180 பேர் இருந்த குரூப்புக்குள்ள போட்டி ஆள் ஒருத்தன் கஸ்டமர் மாதிரியே பூந்துட்டான். எங்க ஆளுங்கதான் சேத்துருக்காங்க, எவன் சேத்தான்னு இன்னிக்கும் ஒத்துக்கல. நல்லபுள்ளையா ஒரு மாசம் குட்மார்னிங் போட்டுட்டு 180 நம்பரையும் எடுத்துட்டான். எங்க லைன் ஒரு நாள் சாயந்தரம் டவுன் ஆச்சு, குரூப்புல கூச்சல் ஆரம்பிச்ச அரை மணி நேரத்துல எல்லாருக்கும் தனித்தனியா மெசேஜ் போயிருக்கு, இன்ஸ்டலேஷன் ப்ரீ, மூணு மாசம் பாதி ரேட்டுன்னு. அந்த மாசம் 14 வீடு போச்சு. ரீல்ஸ் போட்டு 14 வீடு புடிக்க முடியுமா சொல்லுங்க, ஆனா குரூப்பு வெச்சு 14 வீட்டை தாரை வாக்க முடியும். அதுக்கப்புறம்தான் கம்யூனிட்டி வெச்சு அதுல அறிவிப்பு குரூப்பு மட்டும் ஓட்டறேன். நான் மட்டும்தான் போட முடியும், ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்கு தெரியாது. புகார் தனி நம்பருக்கு.

ரெண்டாவது, பெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி. பாண்டில ஒரே நாள்ல 48 செ.மீ. மழை, உங்களுக்கும் தெரியும், தென்பெண்ணை உங்க பக்கம் அடுத்த ரெண்டு மூணு நாள் என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு. கரண்ட் இல்ல, ஓஎல்டிக்கு (எல்லா வீட்டுக்கும் சிக்னல் அனுப்பற மெயின் பெட்டி) பேட்டரி ஆறு மணி நேரம் தாங்குச்சு, அப்புறம் அதுவும் செத்துப்போச்சு. குரூப்புல விலாவாரியா அப்டேட் போட்டேன், எந்த தெரு எப்ப வரும்னு, ரொம்ப பொறுப்பா. ஒத்த டிக்கு. ஜனங்க போன்ல சார்ஜும் இல்ல டவரும் இல்ல, யாரு பாக்கறது? கடைசில டீக்கடை போர்டுல சாக்பீஸால எழுதி வெச்சேன், சத்தியமா அந்த வாரம் அதான் எனக்கு சோஷியல் மீடியா. அத பாத்துட்டு போனவங்க யாரும் போன் பண்ணி திட்டல.

(நெய்வேலி தம்பிக்கு ஒரு வார்த்த, டிராய் கணக்குல பாண்டி தனியா வராது, தமிழ்நாடு சர்க்கிள்லயே அடங்கிடும். எங்கள தனியா தேடி ப்ராஜெக்ட்ல கஷ்டப்படாதே.)


கெடிலக்கரை பைபர்

எல்லாருக்கும் நன்றி. வில்லியனூர் அண்ணே, அந்த 14 வீட்டு கதைய படிச்சதும் எந்திரிச்சு போய் என் குரூப்புல யார் யார் இருக்காங்கன்னு எண்ணிப் பாத்தேன். 640 கஸ்டமருக்கு மூணு குரூப்புலயும் சேத்து 711 பேர். 71 பேர் யாருன்னே தெரியல!

ஆனா குரூப்பால நல்லதே நடக்கலன்னு சொன்னா அது பொய். ஒண்ணு சொல்றேன். எங்க கம்பத்துல எட்டு எட்டு வீட்டுக்கு ஒரு ஸ்ப்ளிட்டர் பாக்ஸ், ஒரு பைபரை வீடு வீடா பிரிச்சுக் குடுக்கற பெட்டி. முன்னாடி ஒரு வீட்லேர்ந்து போன் வந்தா பையன் ஏணியத் தூக்கிட்டு போவான், வீட்டுக்குள்ள பவர் மீட்டர் வெச்சா ஒண்ணுமே வராது, அப்புறம் வெளிய வந்து ஒயரைப் புடிச்சிக்கிட்டே கம்பம் கம்பமா போயி எங்க போச்சுன்னு பாக்கணும், அரை நாள் ஓடிரும். இப்ப குரூப்புல ஒரே தெருவுலேர்ந்து நாலு பேர் அஞ்சு நிமிஷத்துக்குள்ள "ரெட் லைட்"னு போட்டா வீட்டுக்குள்ள போகவே வேணாம், பாக்ஸுக்கு மேலதான் கட்டு. ஒருத்தர் மட்டும் போட்டா பாக்ஸ்லேர்ந்து அவர் வீட்டுக்குப் போற டிராப் ஒயரு. கரும்பு சீசன்ல லோடு டிராக்டர் தலைக்கு மேல அடுக்கிட்டு வந்து ஒயரை இழுத்துட்டு போயிடும், அப்ப குரூப்புல மெசேஜ் வர்ற வரிசைய பாத்தே டிராக்டர் எந்த வழியா போச்சுன்னு சொல்லிருவோம். ஒரு வெட்டி நடை மிச்சம், பெட்ரோல் மிச்சம். இது காசுதான, சொல்லுங்க.

இன்னொண்ணு, வைகாசியில பாடலீஸ்வரர் கோயில் தேர். தேர் வர்ற வீதில குறுக்க போற ஒயரெல்லாம் எறக்கணும், அன்னிக்கு பாதி நாள் நெட் இருக்காது. போன வருஷம் யாருக்கும் சொல்லல, 60 கால், திட்டு வேற. இந்த வருஷம் முந்தின நாள் சாயந்தரமே எந்தெந்த வீதி எத்தன மணிக்கு எறக்கறோம், தேர் நிலைக்கு வந்து எவ்ளோ நேரத்துல ஏத்தறோம்னு போட்டேன், வந்தது மொத்தமே 7 கால். அதுல ரெண்டு பேர் தேர் எப்ப வரும்னு கேட்டவங்க.

ஏஜென்சி தம்பிகிட்ட இப்போதைக்கு வேணாம்னு சொல்லிட்டேன். அந்த 15,000-ல சாயந்தர ஷிப்ட்டுக்கு ஒரு ஆள் போட்டா ஆறு மணிக்கு மேல போன் எடுக்கலாம், புகாரை எல்லாம் ஒரு நோட்டுல ஏத்தலாம்னு தோணுது. மச்சான் மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு இருக்கான், அந்தத் தம்பி அவன் கூட படிச்சவனாம், இப்பதான் சொல்றான்.

அக்கா, தேதிய வெச்சு தேடுங்கன்னீங்க இல்ல, அது எப்படி?


லாஸ்பேட்டை அக்கா

உங்க ஓஎல்டில லாக் இருக்கும்ல தம்பி. ரிவ்யூ போட்ட தேதிக்கு முன்னாடி மூணு நாள் தொடர்ந்து எந்த ஓஎன்டி (வீட்டுக்குள்ள இருக்கற நெட் பெட்டி) ஆப்லைன்ல இருந்துச்சுன்னு பாருங்க. 640-ல எத்தன வரப்போகுது? பொய்யா எழுதினவர்னா அப்படி ஒண்ணுமே இருக்காது, அப்ப கூகுள்கிட்ட ரிப்போர்ட் அடிங்க. இருந்துச்சுன்னா பைக்கை எடுங்க.

நோட்டு போடறப்ப ஒரு கட்டம் சேத்துக்கோங்க, இதே வீட்டுக்கு இது எத்தனாவது தடவைன்னு. எங்க ஆபீஸ்ல நாலு வருஷம் கேட்டும் வைக்காத கட்டம் அது.


கெடிலக்கரை பைபர் (9 நாள் கழிச்சு)

ஆள் கெடைச்சுட்டார்.

லாக்ல அந்த மூணு நாளும் முழுசா ஆப்லைன்ல இருந்தது நாலு ஓஎன்டி. ரெண்டு வீடு பூட்டிட்டு ஊருக்கு போனவங்க, ஒண்ணு பணம் கட்டாம நாங்களே நிறுத்தினது. நாலாவது செம்மண்டலத்துல ஒரு அம்மா பேர்ல இருக்கற கனெக்‌ஷன். நேர்ல போனேன். கதவத் தொறந்தவர்தான் ரிவ்யூ எழுதின மாப்பிள்ளை. கனெக்‌ஷன் மாமியார் பேர்ல, ரிவ்யூ மாப்பிள்ளை பேர்ல, நான் பாட்டுக்கு போட்டிக்காரன் மேல பழியப் போட்டுட்டு திரிஞ்சிருக்கேன்.

போன் எடுக்க ஆளில்லன்னு ஏன் சார் எழுதினீங்க, நாங்க எடுக்கறோமேன்னு கேட்டேன். நான் எங்க போன்னு எழுதினேன், கேக்க நாதியில்லன்னுதான எழுதினேன்னு போனைத் தொறந்து குரூப்பைக் காட்டினார். ஞாயித்துக்கிழமை ராத்திரி 9.40, "அண்ணா ரெட் லைட் எரியுது, பாருங்க"ன்னு அவர் போட்டிருக்கார். மேல மாடி போர்ஷன் டூ பெட்ரூம் வாடகைக்கு, கீழ வரிசையா பதினோரு குட்நைட். நான் பாக்கல, ஆபீஸ் தங்கச்சியும் பாக்கல. மறுநாள் மறுபடி போட்டிருக்கார், அன்னிக்கு தேர் போட்டோக்களுக்கு நடுவுல அதுவும் போயிடுச்சு. நாலாவது நாள் மாமியார் பழைய ரசீத தேடி எடுத்து ஆபீஸ் நம்பருக்கு அடிச்சிருக்காங்க, ஒரு மணி நேரத்துல பையன் போய் சரி பண்ணிருக்கான், டாக்கெட்டும் இருக்கு. கொய்யா மரத்துக்குள்ள போற டிராப் ஒயரை அணில் கடிச்சிருந்துச்சு.

சிஸ்டத்துல பழைய டாக்கெட்டை எடுத்து பாத்தா அதே வீட்டுக்கு அதே அணில் விஷயம் இது மூணாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒட்டிட்டு வந்துருக்கோம், ஒயரை மரத்துலேர்ந்து தள்ளிக் கட்டணும்னு யாருக்கும் தோணல. நேத்து எதிர் கம்பத்துலேர்ந்து சுத்தி புது ஒயர் இழுத்துட்டோம், 40 மீட்டர் கூட ஆச்சு.

குரூப்பையும் மாத்தியாச்சு, வில்லியனூர் அண்ணன் சொன்ன மாதிரி அறிவிப்பு மட்டும். புகாருக்கு தனி நம்பர், தங்கச்சி நோட்டுல ஏத்தி டாக்கெட் நம்பரை திருப்பி அனுப்புது. குட்நைட் போடறவங்க கொஞ்சம் கோவமா இருக்காங்க, அவங்களே தனியா ஒரு குரூப்பு ஆரம்பிச்சு என்னையும் அதுல சேத்துட்டாங்க.

ரிவ்யூவ எடுக்கச் சொல்லி நான் கேக்கல, அவரும் எடுக்கல. கீழ நடந்தத நடந்த மாதிரியே பதிலா எழுதியிருக்கேன், அணில் உட்பட. கெளம்பும்போது கனெக்‌ஷன சார் பேருக்கே மாத்திடலாமா, ஆதார் மட்டும் குடுங்கன்னேன். மாமியார் உள்ளேர்ந்து அதெல்லாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டாங்க.